பதினோரு பக்கமும் வாய்விட்டுப் படித்தவர்

இன்றைக்குக் கோல சிலாங்கூர் படகுத்துறையில் நின்று என் பெயரைச் சொன்னால், மீன்காரர்கள் கையை நீட்டி என் பட்டறைக்கு வழி காட்டுவார்கள். ஆற்றில் போகிற பைபர் படகுகளில் பாதி என் அச்சில் வார்த்தவை. மீதிப் பாதி, என்னிடம் வேலை கற்றுக்கொண்டு என்னை விட்டுப் போனவர்களின் அச்சில் வார்த்தவை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். யாரும் எனக்கு உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. தவுக்கே என்று நாங்கள் கூப்பிடுகிற சீன முதலாளியின் படகுக்கடையில் கூலிக்கு நின்று, கண்ணால் பார்த்துக் கையில் பிடித்துக்கொண்டேன். இதை நான் கல்யாண வீட்டிலும் சொல்வேன், சாவு வீட்டிலும் சொல்வேன். "மாமா, இந்தக் கதைய நேத்துதான் சொன்னீங்க" என்பாள் மருமகள். இன்னொரு தடவை கேட்டால் காது தேய்ந்தா போய்விடும்.

அந்தக் கதையில் நான் எப்போதும் விட்டுவிடுகிற ஓர் ஆள் உண்டு. வேண்டுமென்றேதான் விட்டேன். அவரைச் சேர்த்தால் என் கதையின் உயரம் கொஞ்சம் குறையும். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டேன், உயரம் குறைந்தால் பரவாயில்லை.

அவர் எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணியாக இருந்தவர். பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பக்கத்தில், ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போட்டுக்கொண்டிருந்த தோட்டம். எண்பதுகளின் நடுப்பகுதி. அதுவரை கிராணி என்றால் ஆண்தான். கால்சட்டை, கைக்கடிகாரம், ஒரு முறைப்பு. இவர் முதல் பெண் கிராணி. கஞ்சி போட்ட பருத்திச் சேலை, தடித்த மூக்குக்கண்ணாடி, கைப்பைக்குள் ஒரு மடித்த குடை. கிழவர்கள்கூட அவரை 'ஆபீஸக்கா' என்றார்கள். எனக்கு அவர் இரண்டு வயது இளையவர். நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை அண்ணே என்றார். நாங்கள் பேசுவதைக் கேட்கிற புது ஆள் யாருக்கு யார் மூத்தவர் என்று விழிப்பான்.

அவருக்கு முதுகுக்குப் பின்னால் இன்னொரு பெயர் இருந்தது. ரேடியோ.

காரணம், அவரால் எதையும் மனசுக்குள் படிக்க முடியாது. கண்ணில் எழுத்துப் பட்டால் வாய் திறந்துவிடும். உரமூட்டையில் அச்சடித்திருப்பதைப் படிப்பார். பஸ் கண்ணாடியில் ஒட்டியிருப்பதைப் படிப்பார். மலாயில் இருந்தாலும் ஆங்கிலத்தில் இருந்தாலும் முதலில் அப்படியே ஒரு தடவை, பிறகு அதையே தமிழில் ஒரு தடவை. யார் கேட்கிறார்கள் என்று பார்க்கமாட்டார். அவர் பாட்டுக்கு, பொரி கொறிக்கிற மாதிரி. "இந்த மருந்து தெளித்த கையோடு சோறு தின்னக்கூடாது" என்று ஸ்டோர் வாசலில் நின்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போய்விடுவார். களைக்கொல்லி அடிக்கிற பெண்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுக் குழாயடிக்குப் போய்க் கை கழுவுவார்கள்.

ஒரு நாள், ஆட்களை மேய்த்து வேலை வாங்குகிற மண்டோர் எல்லார் முன்னாலும் கேட்டேவிட்டார்.

"ஏம்மா ஆபீஸக்கா, நீ பெரிய படிப்பெல்லாம் படிச்சவதானே? மனசுக்குள்ள படிக்க வராதா? ஒண்ணாங் கிளாஸ் புள்ள மாதிரி என்னா இது?"

"மனசுக்குள்ள படிச்சா எனக்குத் தூக்கம் வந்துரும் லா, மண்டோரே" என்றார் அவர். "வாய்விட்டுச் சொன்னாத்தான் மண்டைல ஏறுது. தமிழ்ல ஒரு தடவை சொல்லிப் பாத்தாத்தான் நம்பிக்கையே வருது. என்னா பண்றது, மட்டமான மண்டை."

அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரி பெஞ்சில் நடந்தது ஒன்று. மேட்டு லயத்து வரிசைவீட்டுக் கிழவி ஒருத்தி, கையில் வாங்கின சொட்டு மருந்தை அங்கேயே கண்ணில் விட்டுக்கொள்ள அண்ணாந்துவிட்டாள். பக்கத்தில் இருமல் மருந்துக்குக் காத்திருந்த ஆபீஸக்கா, கிழவி கையில் இருந்த புட்டியை எட்டிப் பார்த்து, வழக்கம்போல ஆரம்பித்தார். "காதுக்கு மட்டும். ஒரு நாளைக்கு மூணு தடவ. காதுக்கு மட்டும்." கிழவி கை நின்றது. "இதுலயும் உனக்குப் பாட்டுதானா?" என்று முணுமுணுத்தபடி தலையைச் சாய்த்து மருந்தைக் காதில் விட்டுக்கொண்டாள். அவளுக்கு எதுவும் தெரியாமல் இல்லை, இந்தப் பெண்தான் வாயை மூடத் தெரியாதவள் என்ற மாதிரி ஒரு பார்வை. ஆபீஸக்கா அதற்குள் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பழக்கம் அவருக்கே வினையான கதையும் உண்டு. கலும்பாங் பக்கமிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா மடித்த கடிதம் ஒன்றை நீட்டி, பெண் தனியாகப் படித்துப் பார்த்துச் சொல்லட்டும் என்றிருக்கிறார். இவருக்குத் தனியாக எங்கே படிக்க வரும்? கூடத்தில் நின்றபடியே படித்திருக்கிறார். பெண்ணின் சம்பளம் முழுக்க யார் கைக்கு வரவேண்டும், மோட்டார்சைக்கிள் என்ன மாதிரி வேண்டும், எல்லாம் அதில் இருந்ததாம். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அந்த அம்மாள் எழுந்து, "இதெல்லாம் நான் எழுதச் சொல்லலியே, யாருடா எழுதினது?" என்று தன் ஆட்களையே பிடித்துக்கொண்டார். வந்த கார் வந்த வழியே போயிற்று. "சத்தமில்லாமல் படித்திருந்தால் கல்யாணம் நடந்திருக்கும்" என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். "நடந்திருக்கும் லா" என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

இப்போது ராக்கெட்டுக்கு வருகிறேன்.

அந்தக் காலத்தில் பத்திரிகைகளின் கடைசிப் பக்கத்தில் பேனா நண்பர்கள் முகவரி வரும். ஆபீஸக்காவுக்கு அமெரிக்காவில் ஒரு பெண் தோழி கிடைத்திருந்தாள். அவளுடைய கணவன் விடுமுறை நாட்களில் மைதானத்தில் சிறிய ராக்கெட் விடுகிறவன். அதைப் பற்றி இவர் கடிதத்துக்குக் கடிதம் கேள்வி கேட்டிருக்கிறார். கடைசியில் அந்த மனிதன், இத்தனை கேள்வி கேட்கிறவர் பதிலைத் தன் கையாலேயே செய்து பார்க்கட்டும் என்று ஒரு பெட்டியைக் கப்பலில் அனுப்பிவிட்டான்.

பெட்டி ஆபீஸ் மேசையில் திறக்கப்பட்டபோது பாதித் தோட்டம் ஜன்னலில் தொங்கியது. நானும் நின்றேன். உள்ளே கண்ணாடி நார்க் குழாய்கள், பென்சில் முனை மாதிரி ஒரு மூக்கு, வெட்டி வைத்த நான்கு தட்டை இறக்கைகள், சிவப்பும் வெள்ளையுமாய் ஒரு பாராசூட், பசை செய்ய இரண்டு புட்டி. சேர்த்து நிறுத்தினால் அவர் தோள் உயரம் வரும். அடியில் பதினோரு பக்கக் காகிதம்.

"தீபாவளிக்கு இன்னும் நாளு இருக்கே" என்றார் மண்டோர். "இது மேல போயி கோலாலம்பூர்ல விழுந்தா, போலீஸ் யாரப் பிடிக்கும்?"

"ஒப்பம் போட்டு வாங்கினவங்களத்தான்" என்றார் ஆபீஸக்கா. உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்துவிட்டார். இரண்டு மத்தியானச் சாப்பாட்டு நேரம் பிடித்தது. முழுக்கப் படித்ததால்தான் ஒரு விஷயம் தெரிந்தது. கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில், மேலே தள்ளுகிற மருந்துக்குழாய் பெட்டியில் இல்லை, தனியாக வாங்கவேண்டும் என்று போட்டிருந்தது. வேறு யாராவதாக இருந்தால் எல்லாம் ஒட்டி முடித்து வானத்தைப் பார்த்து நின்றிருப்பார்கள். அவர் எங்கெங்கோ கடிதம் போட்டு, கோலாலம்பூரில் ஒரு பள்ளிக்கூட அறிவியல் சங்கத்தைக் கண்டுபிடித்தார். அவர்கள் போலீஸ் கடிதத்தோடு முறையாக ராக்கெட் விடுகிறவர்கள். அந்தச் சங்கத்து ஆசிரியர் மருந்துக்குழாயும் ஏவுகிற கம்பியும் கொண்டுவந்து, எங்கள் தோட்டத்தை ஒட்டி, ஈயம் தோண்டி முடித்துக் கைவிட்ட பழைய ஈயலம்பத்து மணல்வெளியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விட்டுக் காட்ட ஒத்துக்கொண்டார்.

ஒட்டுவது யார்? நான் தவுக்கேயிடம் வேலையை விட்டு, தோட்டத்து ஓரத்தில் தகரம் போட்ட சொந்தப் பட்டறை வைத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வேலை ஒன்றும் வரவில்லை. உடைந்த மோட்டார்சைக்கிள் மட்கார்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சமயம் லயங்களின் இரும்புத் தண்ணீர்த் தொட்டிகள் துருப்பிடித்து, குழாயைத் திறந்தால் தேத்தண்ணி நிறத்தில் வந்துகொண்டிருந்தது. பைபர் தொட்டி செய்து தருகிறேன் என்று மேனேஜரிடம் மூன்று தடவை போய் நின்றேன். மேனேஜர் எங்களைப் போலத் தமிழர்தான். தமிழில் நீளமாகப் பேசினால் உத்தியோகம் குறைந்துவிடும் என்று நினைக்கிறவர். படிக்காத பயலை நம்பித் தொட்டி வைப்பதா என்று முகத்தில் எழுதியிருக்கும். அந்த எழுத்தை நான் படிப்பேன்.

பெட்டியைப் பார்க்க வந்த மேனேஜர், என்னையும் பார்த்துச் சிரித்தார்.

"நீதானே பைபர் கிளாஸ் எக்ஸ்பர்ட்? சரி. இத நீ ஒட்டு. அது மேல போயி முழுசாத் திரும்பி வந்தா, எட்டு லயத்துக்கும் தொட்டி உனக்குத்தான். உடைஞ்சி வந்தா இனிமே ஆபீஸ் படி ஏறாதே."

"சார், பைபர் ஒட்டுற ரெசின் என் வீட்டுத் தண்ணி" என்றேன் நான்.

வேலை தொடங்கிய அன்று ஆபீஸக்கா காகிதத்தோடு பட்டறைக்கு வந்து, கவிழ்த்த டிரம்மில் உட்கார்ந்துகொண்டார். நான் ரேடியோப் பெட்டியைப் பாட விட்டேன். ஒரு ரேடியோவுக்கு ஒரு ரேடியோ. அவர் படிக்க, அது பாட, நான் குழாயை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். காகிதம் சொல்வதற்கு முன்னாலேயே தேய்த்தேன். அதில் எனக்கு ஒரு பெருமை.

காகிதம் பசைக்கு வந்தது. இரண்டு புட்டிகளையும் பார்த்தேன். ஒன்று ரெசின், ஒன்று இறுக்குகிற மருந்து. எனக்குத் தெரியாததா? படகுக்கடையில் ஒரு டின் ரெசினுக்கு ஒரு மூடி மருந்து. அதற்கு மேல் ஊற்றினால் கலவை கொதித்துப் புகையும். நான் சொட்டுச் சொட்டாக விட்டேன்.

"இரண்டு புட்டியிலிருந்தும் சரிக்குச் சரி எடுக்கவும்" என்று படித்தார் ஆபீஸக்கா.

"அக்கா, மருந்துன்னா சொட்டுக் கணக்கு. சரிக்குச் சரி ஊத்துனா பட்டறையே எரிஞ்சுரும்."

"பேப்பர்ல அப்பிடித்தான் போட்டிருக்கு, அண்ணே. இரண்டு புட்டியிலிருந்தும் சரிக்குச் சரி."

"போட்டவன் படகு ஒட்டியிருக்கானா? அச்சுப் போட்டவன் தப்பாப் போட்டிருப்பான்."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதே வரியை மூன்றாவது தடவை படித்தார். எந்த வரியில் இருக்கிறோம் என்பதைத் தொலைத்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். நான் கலக்கினேன், ஒட்டினேன், இறக்கை நான்கையும் நேராக நிறுத்திக் கட்டினேன். "நீங்க சொன்னாச் சரி" என்று எழுந்து போனார்.

பெட்டியில் வந்தது எபோக்சி. படகுக்கடை ரெசின் வேறு சாதி. அது சொட்டு மருந்தில் இறுகும். இது சரிபாதி மருந்து கேட்கும், இல்லாவிட்டால் என்றைக்கும் இறுகாது. இன்றைக்கு என் பட்டறையைக் கூட்டிப் பெருக்குகிறவனுக்கும் இது தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரியாது.

இரண்டு நாள் கழித்துக் கட்டை அவிழ்த்துத் தொட்டேன். பலாப்பாலைத் தொட்ட மாதிரி விரல் ஒட்டியது. வெயிலில் வைத்தேன். இன்னும் ஒழுகியது. இறக்கையைப் பிடித்து ஆட்டினால் ஆடியது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து நாள்தான் இருந்தது. காகிதத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்க்கலாம் என்றால், அது ஆபீஸக்காவிடம் இருந்தது. என்னிடமே இருந்தாலும் எனக்கு அது எறும்பு வரிசைதான்.

போய்க் கேட்கவில்லை. கேட்டால் என்ன ஆகும்? எக்ஸ்பர்ட்டுக்கு எழுத்து தெரியாது என்று ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிடும். எட்டுத் தொட்டியும் போகும். நான் என்ன செய்தேன் என்றால், பிசுபிசுப்பின் மேலேயே என் படகு ரெசினைப் பூசினேன், நார்த்துணி ஒட்டினேன், மேலே பட்டி வைத்துத் தேய்த்து, சிவப்புச் சாயம் அடித்தேன். பார்வைக்குக் கோயில் தேர் மாதிரி நின்றது. கெட்டது மறைந்தது, கெடுதல் மறையவில்லை.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு ஆபீஸ் விட்டதும் அவர் வந்தார். "அழகா இருக்கே அண்ணே" என்று சொல்லி இறக்கையின் வேரில் விரலை வைத்தார். எடுத்தார். விரலில் சிவப்பு. இறக்கையில் அவருடைய விரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. அடித்து இரண்டு நாளான சாயம்.

நான் ரேடியோவின் காதைத் திருகுவதுபோல் திரும்பி நின்றுகொண்டேன். இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று முதுகு காத்திருந்தது.

அவர் கைக்குட்டையில் விரலைத் துடைத்தார். டிரம்மில் உட்கார்ந்தார். காகிதத்தின் கடைசித் தாளை எடுத்து, யாருக்கோ சொல்கிற மாதிரி, எப்போதும் போல ஆரம்பித்தார்.

"பதினோராம் பக்கம். தவறும் திருத்தமும். பசை இறுகாமல் பிசுபிசுத்தால், கலந்த அளவு தவறியிருக்கிறது என்று அறியவும். மேலே வேறு எதையும் பூசி மறைக்க வேண்டாம். முழுவதும் சுரண்டி எடுத்து, துடைத்து, புதிதாகக் கலந்து ஒட்டவும். ஒரு முழு நாள் தொடாமல் விடவும். இறக்கை கழன்ற ராக்கெட் எங்கே திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. பார்க்க வந்தவர்கள் மேலேயே பாயலாம்."

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் வருகிறார்கள். முன்வரிசையில் மணலில் உட்காரவைக்கப் போவதாக ஆபீஸ் பலகையில் எழுதியிருந்தது. என் தங்கச்சி மகள் புதுச்சட்டை தைத்துவிட்டாள்.

நான் ரேடியோவை நிறுத்தினேன்.

"அக்கா. அந்த வரிய இன்னொரு தடவ படிங்க."

என் வாழ்க்கையில் நான் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சிரித்திருந்தால் நான் அந்த ராக்கெட்டைக் காலால் உடைத்துவிட்டுத் தவுக்கேயிடமே திரும்பிப் போயிருப்பேன். அவர் அந்த வரியை முதலிலிருந்து படித்தார். பிறகு, நான் கேட்காமலே, நான்காம் பக்கத்தைப் புரட்டி, "இரண்டு புட்டியிலிருந்தும் சரிக்குச் சரி எடுக்கவும்" என்றார்.

"எனக்கு இந்த இங்கிலீசு..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்கும்தான் அண்ணே" என்று வெட்டிவிட்டார். "கஷ்டமான இங்கிலீசு. வாய்விட்டுச் சொல்லலன்னா எனக்கே விளங்கல. புட்டில மிச்சம் இருக்கா பாருங்க."

இருந்தது. சொட்டுக் கணக்கில் விட்டதால் மருந்துப் புட்டி ஏறக்குறைய முழுசாக இருந்தது. ரெசின் பாதி இருந்தது. பாதிக்குப் பாதி கலந்தால் போதும்.

அன்று பொழுது சாய்கிறவரை சுரண்டினோம். கத்தியால் நான், பழைய துணியை அசிட்டோனில் நனைத்து அவர். கஞ்சி போட்ட சேலையில் சிவப்புத் தீற்றல். சாயம் அடித்த தேர் போய், தோல் உரித்த கோழி மாதிரி ஆயிற்று. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்தார். இரண்டு தேத்தண்ணிக் கோப்பைகளை வைத்துச் சரிக்குச் சரி அளந்தோம். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார், நான் ஒவ்வொரு வரியாகச் செய்தேன். அவர் நிறுத்தினால் நானும் நிறுத்தினேன். மத்தியானத்துக்குள் கோப்பையில் ஒட்டியிருந்த மிச்சம் கல்லாகிவிட்டது. நகத்தால் தட்டினேன். 'டக்' என்றது. அந்தச் சத்தத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சுக்குள் கேட்கிறது.

சாயம் அடிக்க நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஈயலம்பத்து மணலில் அது சாம்பல் நிறத்தில், தையல் தெரிய நின்றது. கோலாலம்பூர் ஆசிரியர் நான்கு இறக்கைகளையும் முறுக்கிப் பார்த்துத் தலையாட்டினார். மேனேஜர் கறுப்புக் கண்ணாடி போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் பத்திலிருந்து எண்ணினார்கள். ஒன்று வருவதற்குள்ளேயே ஒரு சீறல். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. திறந்தபோது வானத்தில் ஒரு சுண்ணாம்புக் கோடு. அதன் நுனியில் சிவப்பும் வெள்ளையும் மலர்ந்தது.

காற்று அதை மணலில் இறங்க விடவில்லை. தோட்டத்துப் பக்கம் தள்ளி, ஒரு செம்பனையின் மட்டையில் கொண்டுபோய் மாட்டியது. பழம் அறுக்கிறவர் ஒருவர் நீளக் கம்பு அரிவாளோடு ஓடினார்.

"கயிற அறு, இறக்கைல படாம" என்று நான் கத்தினேன்.

"என் கம்புக்கு நீ பாடம் சொல்றியா லா?" என்றார் அவர். அறுத்தார். அது மட்டை மட்டையாக மோதி, என் கையில் வந்து விழுந்தது. இறக்கை நான்கும் இருந்தன. மேனேஜர் எழுந்து வந்து ஒன்றைப் பிடித்து முறுக்கினார். இரண்டு கையாலும் முறுக்கினார்.

"ஸ்ட்ராங்காத்தான் இருக்கு. மொதத் தடவையே இப்பிடி ஒட்டிட்டியா?"

"கை பழகின வேலை சார்" என்றேன்.

ஆபீஸக்கா என் பக்கத்தில்தான் நின்றார். நான் சொன்னது அவர் காதில் விழுந்தது. அவர் ஐஸ்கிரீம் உறையில் எழுதியிருந்ததைச் சுற்றி நின்ற பிள்ளைகளுக்குப் படித்துக்கொண்டிருந்தார். பால், சீனி, சோள மாவு. இன்றுதான் வெளியே சொல்கிறேன்: முதல் தடவை இல்லை, இரண்டாம் தடவை.

எட்டுத் தொட்டியும் எனக்குக் கிடைத்தன. அதிலிருந்துதான் பக்கத்துத் தோட்டங்கள், அதிலிருந்து படகுகள், அதிலிருந்து இந்தப் பட்டறை, வீடு, மருமகள், எல்லாம். அந்த எட்டில் ஒன்று இன்னும் தண்ணீர் பிடிக்கிறது, வேண்டுமானால் கூட்டிப்போய்க் காட்டுகிறேன். ஆபீஸக்காவைச் சில வருஷம் கழித்து வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள். பிறகு எங்கள் தோட்டமும் கைமாறியது. அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டுப் பார்த்தேன், சரியாகச் சொல்ல ஆளில்லை. நன்றி என்ற சொல்லை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், எதற்கு என்று கேட்டிருப்பார். அதற்கு நான் ஒரு பதில் சொல்லவேண்டி வந்திருக்கும்.

ஆனால் ஒன்று பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இத்தனையும்.

ராக்கெட் விட்ட அடுத்த வாரம், தொட்டி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பத்து மணிக்கு வரச் சொன்னார்கள், நான் ஒன்பதரைக்கே போய்விட்டேன். சட்டையெல்லாம் மடிப்புக் கலையாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டே போனேன். ஆபீஸ் ஜன்னல் திறந்திருந்தது. மேனேஜர் வந்திருக்கவில்லை. உள்ளே ஆபீஸக்கா ஒருவர் மட்டும், மேசைமேல் ஒரு கட்டுக் காகிதத்தோடு.

படித்துக்கொண்டிருந்தார். வாய் மூடியிருந்தது.

உதடு அசையவில்லை. கண் மட்டும் இடமிருந்து வலம் ஓடியது, சட்டென்று கீழே இறங்கியது. நான் ஒரு மூச்சு விடுவதற்குள் ஒரு தாள் புரண்டது. அடுத்த மூச்சுக்கு இன்னொன்று. நடுவில் ஓர் இடத்தில் பென்சிலால் ஓர் அடிக்கோடு. தூக்கம் வருகிற முகமாகத் தெரியவில்லை. சுவரில் காலண்டர் இருந்தது, பலகை முழுக்க அறிவிப்பு இருந்தது. ஒரு சத்தமும் இல்லை. தபால்காரன் வெளியே மணி அடித்தது மட்டும் கேட்டது.

எவ்வளவு நேரம் ஜன்னலோரம் நின்றேன் என்று தெரியாது. ஆஸ்பத்திரி பெஞ்சு ஞாபகம் வந்தது. கைகழுவப் போன பெண்கள் ஞாபகம் வந்தார்கள். மூன்று தடவை படித்த அந்த ஒரு வரியும்.

சுற்றிவந்து படியில் கால் வைத்தேன். பலகை கிரீச்சிட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். கையில் கடைசித் தாள் இருந்தது. என்னைப் பார்த்ததும் எல்லாத் தாளையும் சேர்த்து மேசையில் தட்டி ஒழுங்கு பண்ணினார். முதல் தாளை மேலே கொண்டுவந்தார்.

"வாங்க அண்ணே. நல்ல நேரத்துக்கு வந்தீங்க" என்றார். "இந்த மேனேஜர் என்னா எழுதியிருக்காருன்னு ஒண்ணும் விளங்கல லா. வாய்விட்டுப் படிச்சுப் பாக்கறேன், செத்த இருங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.